சர்ட்டிபிகேட்டில் எழுதாத ஒன்று

வைரத்தைப் பார்த்துப் பயப்படுகிற பொம்பளை ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். திருடன் வருவான் என்கிற பயமில்லை. அதை என் கணவர் பார்த்துக்கொள்வார். என் பயம் வேறு. அதை வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் கோயமுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக இயற்பியல் நடத்தியவள் நான். பரீட்சைக்கு வரும் வழியில் பூனை குறுக்கே போய்விட்டது என்று அழுத பெண்ணிடம், "அந்தப் பூனைக்கு வேற சோலி இல்லையா, உன் மார்க்கைக் குறைக்கத்தான் தெருவுல திரியுதா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தவள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. வீட்டுக்கு மேலே மாடி எடுக்க ஆரம்பித்து, சுவர் எழும்பி, கூரை போட்ட நிலையில் வேலை நின்று போயிருந்தது. பூச்சு இல்லை, கதவு இல்லை. என் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் போட்ட ஏழு கல் வைரத் தோட்டை விற்று மாடியை முடித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஸ்கூலுக்குப் போட்டுக்கொண்டு போக முடியாது, பீரோவில் தூங்குகிறது, போகட்டும் என்றுதான்.

கணவர் எதையும் முறையாகச் செய்கிறவர். தோட்டைச் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போய், கல் பார்த்துச் சொல்கிற ஒரு இடத்தில் கொடுத்து சர்ட்டிபிகேட் வாங்கி வந்தார். வழவழவென்ற தாள், முத்திரை, நிறம் இன்னது, சுத்தம் இன்னது, மதிப்பு இவ்வளவு. கல்லைத் தோட்டிலிருந்து கழற்றாமல் பார்த்ததால் எடை மட்டும் 'உத்தேசமாக' என்று போட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கடைக் கடையாக ஏறினோம். ஒருவரும் அந்த மதிப்பில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. "அது அவுங்க எழுதற விலைங்க, நாங்க வாங்கற விலை வேறீங்க" என்றார் ஒரு கடைக்காரர். அப்படியானால் அந்தத் தாள் எதற்கு என்று கேட்டேன். பதிலுக்கு டீ வரவழைத்தார்.

மகள் அப்போது பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. "கடைக்காரனுக்கு எதுக்கும்மா குடுக்கோணும்? இன்டர்நெட்ல போடலாம்" என்று வயிற்றைத் தள்ளிக்கொண்டு தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போனாள். தோட்டின் போட்டோ, சர்ட்டிபிகேட், வீட்டு போன் நம்பர் எல்லாம் ஏற்றிவிட்டாள். உலகம் பூராவும் பார்க்கும் என்றாள். உலகம் பூராவும் பார்த்ததோ என்னவோ, வந்தது பல்லடத்திலிருந்து.

அவர்களுடைய பையன் அமெரிக்காவில் இருந்தபடி கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் காரில் வந்தார்கள். கோழிப்பண்ணைக்காரர்கள். மகள் கல்யாணத்துக்குத் தோடு வேண்டுமாம். அந்த அம்மாவுக்கு என் வயது இருக்கும். விலையில் பேரமே இல்லை. கேட்ட பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "இது உங்ககிட்ட இருக்கட்டுங்க. கல்லு மூணு நாளு எங்க ஊட்டுல இருக்கட்டும். ஆச்சுன்னா வெச்சுக்கறோம். ஆகலீன்னா கொண்டாந்து குடுத்துடறோமுங்க" என்றார் அந்த அம்மா.

"ஆகறதுன்னா?"

"வைரமாச்சுங்களே. சில ஊட்டுக்கு ஆகும், சில ஊட்டுக்கு ஆகாதுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சர்ட்டிபிகேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இதுக்கு மேல என்னங்க பாக்கோணும்? எல்லாம் இதுல இருக்குது."

அவர் அதைப் பொறுமையாகப் படித்தார். மடித்து என் பக்கம் நகர்த்தினார். "கல்லு நல்ல கல்லுன்னு எழுதியிருக்குதுங்க. எங்களுக்கு ஆகுமான்னு எழுதலீங்களே."

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். நானும் மனசுக்குள் சிரித்தேன். கார் தெரு திரும்பியதும்தான் சிரிப்பு நின்றது. மூன்று நாளில் ஒரு வீட்டில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாமே. யாராவது வழுக்கி விழலாம். காய்ச்சல் வரலாம். கோழிப்பண்ணை வேறு, தினமும் நாலு கோழியாவது சாகும். அதுவும் கணக்கில் சேருமா? கணவருக்கு அவருடைய கவலை: "கல்ல மாத்திப்போட்டா என்ன பண்றது?" நான் கல்லைப் பற்றி நினைக்கவே இல்லை. அந்த வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டுமே என்று முகம் தெரியாதவர்களுக்காகச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கெடு முடிகிற நாள் விடிகாலையில் போன் அடித்தது. "ஏனுங்கம்மா, பல்லடத்துலருந்துங்க. எங்க ஊட்டுக்காரருக்கு நெஞ்சு வலிங்க. கோயமுத்தூருக்குத்தான் கொண்டாந்திருக்கோம். நான் ஆஸ்பத்திரிய உட்டு நகர முடியாதுங்க. வந்து கல்ல வாங்கிக்கறீங்களா?"

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அந்த மனிதர் பிழைக்காமல் போனால், ஆயுசுக்கும் அது எங்கள் வீட்டுக் கல்லால் போன உயிர்.

பணத்தை எடுத்துக்கொண்டு கணவரும் நானும் அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த அம்மா ஐ.சி.யூ. வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். இடுப்பிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்துக் கொடுத்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் என்னவோ உளறினேன்.

"உங்களக் குத்தம் சொல்லலீங்க. உங்களுக்கு ஆயிருக்குது, எங்களுக்கு ஆகலீங்க. அவ்வளவுதானுங்க." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு வந்தப்பப் பாத்தேன், உங்க புள்ள மாசமா இருக்குதில்லீங்க? பெத்து எந்திரிக்கற வரைக்கும் இத ஊட்டுக்குள்ள வெக்காதீங்க, அம்மணி" என்றார்.

தன் புருஷன் உள்ளே கிடக்கும்போது என் மகளை நினைத்துச் சொன்னார். அந்தப் பிரியம்தான் என்னைக் கொன்றது.

திரும்பும் வழியில் கணவர் தெரிந்த கடையில் நிறுத்தி, தோட்டைச் சர்ட்டிபிகேட்டோடு வைத்துப் பார்க்கச் சொன்னார். அதே கல், அதே நிறம், அதே அடையாளம். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் அந்தத் தாளை மேலும் கீழும் பார்த்தேன். இருபத்தைந்து வருஷம் என் வீட்டில் இருந்த கல்தானே, எனக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோசனம்? முடிச்சை மடியில் வைக்கப் பயந்து, ஸ்கூட்டரில் வீடு வரைக்கும் கையை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அதை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. மாடியில் பூசாத அறையில், ஆணி போட்டுவைத்த பவுடர் டப்பாவுக்குள் வைத்தேன். கதவில்லாத இடம் வீடாகாது என்று எனக்கு நானே ஒரு சட்டம். கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "கிறுக்குப் புடிச்சுப்போச்சா உனக்கு? லட்ச ரூவா சாமான ஆணி டப்பாவுல வெக்கறா."

இரண்டு நாள் கழித்து அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார். "நல்லாயிட்டாருங்க. கல்லு அங்குட்டுப் போச்சு, இவரு எந்திரிச்சு உக்காந்துட்டாருங்க." நல்ல செய்திதான். ஆனால் அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. அவர் படுத்தே கிடந்திருந்தால்கூட ஏதோ வியாதி என்று மனசைத் தேற்றியிருப்பேன்.

அதன் பிறகு மகள் இருமினால் பயம், அவள் தூங்கினால் பயம். மார்கழிப் பனி வேறு. காதில் காற்றுப் புகக்கூடாது என்று எந்நேரமும் ஸ்கார்ஃப் கட்டிவிட்டேன். "அம்மா, நீ பயந்து என்னையும் பயமுறுத்தாத" என்றாள். கேட்டால்தானே.

வலி எடுத்தது ஒரு முற்பகலில். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "நகையெல்லாம் கழட்டிடுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே மகளின் ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். இரண்டு காதிலும் ஏழு கல் தோடு.

கணவரைத் திரும்பிப் பார்த்தேன். "திருட்டுப் போயிருமேன்னு எடுத்தாந்து இவகிட்டக் குடுத்தேன்" என்றார் அவர், சுவரைப் பார்த்து.

"நான்தாம்மா போட்டேன்" என்றாள் மகள் வலிக்கு நடுவில். "எதையும் டெஸ்ட் பண்ணிப் பாக்கோணும்னு நீதான கிளாஸ்ல சொல்லுவ? நல்லபடியா பெத்துட்டு வந்து காட்டறேன். அப்பவாச்சும் உம் பயம் போகுதான்னு பாக்கலாம்."

அவளை அறைவதா அணைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. வலது காதுத் திருகாணி கழன்று வந்துவிட்டது. இடது அசையவே இல்லை. என் அவசரத்தில் விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை. எண்ணெய் கேட்டேன், சோப்பு கேட்டேன். அவள் "அம்மா, வலிக்குது" என்றாள். காதா வயிறா என்று புரியவில்லை. நர்ஸ் என்னை விலக்கினாள். "விடுங்கம்மா, நேரமாச்சு" என்று அந்தக் காதின்மேல் பிளாஸ்டரை ஒட்டி, உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு தோடு என் கைக்குள். ஒன்று உள்ளே, அவள் காதில். கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடவுளே, என்னை என்ன வேண்டுமானாலும் செய், அவளை விட்டுவிடு என்பதைத் தவிர வேறொரு வார்த்தை மனசில் ஓடவில்லை. கையில் இருந்ததை இறுக்கி இறுக்கி உள்ளங்கையில் கம்பி குத்திவிட்டது, அது தெரியவே இல்லை. குழந்தையைக் கொண்டுவந்து நீட்டிய நர்ஸ்தான், "கையில ரத்தம் வருதே" என்றாள்.

பெண் குழந்தை. சுகப்பிரசவம். மகள் வெளியே வந்தபோது காதில் பிளாஸ்டர் அப்படியே இருந்தது. "பாத்தியாம்மா?" என்றாள். பார்த்தேன் கண்ணு என்று அழுதேன். அன்று சாயந்தரம் அந்தத் திருகாணி, ஒன்றுமே நடக்காதது போல, தொட்டதும் கழன்று வந்தது.

வீட்டுக்கு வந்த அன்று ஆரத்தி எடுத்துத் தாயையும் பிள்ளையையும் உள்ளே படுக்க வைத்தோம். "இனிமேலாச்சும் உள்ள வெப்பியாம்மா?" என்று மகள் படுத்தபடியே கேட்டாள். வைக்கிறேன் என்றேன். கணவர் பீரோச் சாவியைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, தோட்டை முடிந்துவைத்திருந்த கைக்குட்டையோடு கூடத்துக்கு வந்து, வாசலைத் தாண்டி மாடிப்படியில் கால் வைத்தேன்.

"எங்கம்மா போற?"

"மழை வர்ற மாதிரி இருக்குது கண்ணு. துணி எடுத்துட்டு வாரேன்."

வெளியே நல்ல வெயில்.