உள்பக்கம் திருப்பிய எண்

பாண்டியனின் காருக்கு நான் உயிர்போன டயர் மாட்டிக் கொடுத்தேன். தெரியாமல் அல்ல. தெரிந்தே மாட்டினேன்.

இதை உங்களிடம் சொல்கிறேன். பாண்டியனிடம் இன்னும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்... அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டு அபிராமபுரத்துத் தெருக்களைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

பாண்டியன் தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைப் போலவே அவருக்கும் பழைய அம்பாசிடர் பித்து. இருவருக்கும் ஆசை பெரிது, வசதி சிறிது. ஒரு கதவுப் பிடிக்காக வாரக்கணக்கில் அலைவோம். பொருளைப் பார்த்து வாங்குவது என் வேலை. கேள்வி கேட்காமல் பாதிப் பணம் தருவது அவர் வேலை. எனக்குக் காரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை எனக்கு ருசித்தது!

சென்ற ஆண்டு இரண்டு வண்டிகளுக்கும் முன் டயர்கள் தேய்ந்து போயின. புதுப்பேட்டையில் ஒரு கடையில் எங்கள் அளவில் நான்கு டயர்கள் இருப்பதாகத் தெரிந்தது. நான் மட்டும் போனேன். இரண்டு புதியவை. மற்ற இரண்டும் ஓடாதவைதான், ஆனால் பல ஆண்டுகள் குடோனில் கிடந்தவை. கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை.

“இந்த ரெண்டும் பழைய ஸ்டாக்கு சார். பட்டன் தேயாம அப்டியே கீது, ஆனா ரப்பர் செத்துப்போச்சு. ஊருக்குள்ள ஓட்டிக்கினு இரு, ஹைவேஸ் பக்கம் போவாத. நாலையும் சேத்து எடுத்தா விலைய கொறச்சிக்கிறேன்.”

நான்கையும் எடுத்தேன். புதியவை யாருக்கு? திரும்பி வரும்போதே மனம் முடிவு செய்துவிட்டது. அலைந்தவன் நான்தானே? பாண்டியன் ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்வரத்தானே வண்டியை எடுக்கிறார்? அதற்கு இது போதாதா? எத்தனை கேள்விகள்... எல்லாவற்றுக்கும் எனக்குச் சாதகமான பதிலே கிடைத்தது.

ஒரு டயர் எந்த வாரம், எந்த ஆண்டு தயாரானது என்பதை அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கமாக அச்சிட்டிருப்பார்கள். அது ஒரு பக்கத்தில்தான் இருந்தது. மந்தைவெளியில் டயர் மாட்டும் கடையில், பாண்டியனின் வண்டிக்கு அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டச் சொன்னேன்.

“நம்பர் உள்ளாற போவுதே சார்” என்றார் மாட்டியவர்.

“பரவாயில்ல, அப்படியே மாட்டுங்க” என்றேன். என் குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. அதை நினைத்தால் என்மீதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இதோடு நின்றிருந்தால் அற்பத்தனம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். நிற்கவில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் புறப்படும் முன் பாண்டியன் போன் செய்தார்.

“அண்ணாச்சி, பிள்ளையளக் கூட்டிக்கிட்டு நம்ம வண்டியிலயே போயிரலாம்னு பாக்கேன். டயரு தாங்கும்லா?”

வேண்டாம் என்று ஒரு சொல் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார்... அந்த ‘ஏன்’ எனக்குப் பயமாக இருந்தது.

“தாராளமா போய்ட்டு வாங்க பாண்டியன்.”

விழுப்புரம் தாண்டி முன் டயர் வெடித்தது. வண்டி நடுத்தடுப்பில் மோதியது. பிள்ளைகள் சிராய்ப்போடு தப்பினார்கள். அவர் மனைவி செல்விக்கு வலது தோள் நொறுங்கிவிட்டது. கடையில் மேல்தட்டுப் பாத்திரங்களை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். இனி அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பாது.

மருத்துவமனையில் பாண்டியன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நான்தான் அண்ணாச்சி விரட்டி ஓட்டிட்டேன். நீங்க நல்ல டயராத்தான் போட்டுத் தந்திய. எம்புத்தி கெட்டுப்போச்சு.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதுகைத் தட்டி ஆறுதல் சொன்னேன்! வேகமாகப் போகாதீர்கள் என்று புத்திமதியும் சொன்னேன்!

வண்டி சரியாகி வந்ததும், என் காரிலிருந்த இரண்டு நல்ல டயர்களையும் கழற்றி அவருடையதில் மாட்டினேன். பரிகாரம் என்று நினைத்தேன். உண்மையில், மிச்சமிருந்த அந்த இன்னொரு பழைய டயரை யார் கண்ணிலும் படாமல் அப்புறப்படுத்தினேன். இதற்குப் பெயர் பரிகாரமா?

போன ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனேன். செல்வி இடது கையால் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

“ஒங்க வண்டியில கெடந்த டயரயே கழட்டிக் குடுத்துட்டியளாமே அண்ணாச்சி. கூடப்பொறந்தவன் செய்வானா? இனிமே கார்லயே ஏறக்கூடாதுன்னு இருந்தேன். இவுகளும் ஸ்டீயரிங்கத் தொட மாட்டேங்காவ, எங்கையப் பாத்தாலே அழுதாவ. அடுத்த வாரம் ஊருக்குப் போவணும். நீங்க ஓட்டுனா நான் பயமில்லாம வருவேன்.”

பாண்டியன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்கக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது. என்னைப் பார்க்க, அவருக்கு!

நான் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.