பளபளன்னு ஒரு சாய்தளம்

எங்க தெருக் கோயிலு கல்வெட்டெல்லாம் இருக்கற பழைய கோயிலு. வாசல்ல ஒசரமான கல்படி. இத்தனை வருஷமா என்னை வீல்சேரோட தூக்கி உள்ள விடறது வாசலுக்கு எதிர்ல பூக்கடை வச்சிருக்கற சேகரும் அவர் தம்பியும்தான்.

கல்படியைத் தொடாம பக்கத்துல ஒரு சாய்தளம் கட்டுங்கன்னு கோயில் கமிட்டியை விடாம நச்சரிச்சேன். ஒத்துக்கிட்டாங்க. வெறும் சிமெண்ட் போதும்னாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "எங்களுக்குன்னா மட்டும் வெறும் சிமெண்டா? பீங்கானுக்குப் பேர்போன ஊருங்க இது. மூஞ்சி தெரியற மாதிரி பளபளன்னு டைல்ஸ் போடுங்க."

போட்டாங்க.

இன்னிக்குக் காலைல தொறப்பு விழா. தண்ணி விட்டுக் கழுவி, கோலம் போட்டு வச்சிருந்தாங்க. "இனிமே உங்களுக்குச் சிரமம் இல்லீங்க"ன்னு சேகர்கிட்ட பந்தாவா சொல்லிட்டு, சக்கரத்தைத் தள்ளினேன்.

பாதி தூரம் ஏறினேன். அப்புறம் நான் முன்னாடி தள்ளத் தள்ள, வண்டி பின்னாடி போவுது. டைல்ஸ்ல என் மூஞ்சி நல்லாத்தான் தெரிஞ்சுது. நேரா சேகர் கடைக்குள்ள போய் நின்னேன், மடி நெறைய சாமந்தி.

சேகர் பூவைப் பொறுக்கிக்கிட்டே கேட்டாரு: "ஏறறதுக்குன்னு தானே கட்டச் சொன்னீங்க?"

நாளைக்கு டைல்ஸை ஒடைச்சிட்டு வெறும் சிமெண்ட் போடறாங்க. வேற யோசனை இருந்தா இங்க கமெண்ட்ல எழுதுங்க.

இதை டைப் பண்றது ப்ரவுசிங் சென்டர்ல. அது மாடியில இருக்குது. சேகரும் தம்பியும் கீழ டீ குடிச்சிட்டுக் காத்துக்கிட்டிருக்காங்க, சீக்கிரம் எழுதுங்க.