முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர்

“ஒருத்தரும் எழும்ப வேண்டாம். இருங்கோ. இருங்கோ எண்டுறன்!” என்று சுந்தரேஸ்வரி மைக்கில் சொன்னாள். எழும்பியவர்கள் திரும்ப இருக்கவில்லை. இருந்தவர்களில் நாலைந்து பேர் என்ன நடக்கிறது என்று பார்க்க எழும்பினார்கள்.

மண்டபத்தின் நடுவில் ஒரு பாதை இருந்தது. கதிரைகளை அப்படிப் போடச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. வந்தவர்கள் தாங்களாகவே இழுத்து இழுத்து அப்படி ஆக்கிக்கொண்டார்கள். பாதைக்கு இடப்புறம் தமிழர் ஒன்றியம். வலப்புறம் தமிழர் ஒருமைப்பாட்டு மன்றம். ஒன்பது வருடத்துக்கு முன்னர் ஸ்டுட்கார்டில் இரண்டும் ஒரே சங்கமாகத்தான் இருந்தன. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் குத்துவிளக்கின் முதல் திரியை யார் கொளுத்துவது என்பதில் அது இரண்டானது. அன்று விளக்குக் கொளுத்தாமலே பிள்ளைகள் மேடையில் ஆடினார்கள். நன்றாகத்தான் ஆடினார்கள்.

இன்று இரண்டு சங்கமும் ஒன்றாகக் கூடியிருந்தது ஊர்த் தேர்தலுக்காக. இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் வருகிறது. பிளந்து கிடக்கும் நாட்டை ஒட்டவைக்கக்கூடிய ஆள் யார், ஊரில் இருக்கிற சொந்தங்களை யாருக்குப் போடச் சொல்லுவது, இதை முடிவு செய்து கூட்டறிக்கை விடவேண்டும். மண்டபத்தில் இருந்தவர்களில் ஒருவருக்கும் அங்கே வாக்கு இல்லை. அநேகமானோர் ஜெர்மன் கடவுச்சீட்டுக்காரர். ஆனால் டெலிபோன் எடுத்துச் சொன்னால் கேட்கிற வீடு ஒன்றாவது தனக்கு அங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

ஒன்றியத்தின் தலைவர் முருகேசன், சுந்தரேஸ்வரியின் புருசன். மன்றத்தின் தலைவர் கதிர்காமநாதன், அவளுடைய கூடப்பிறந்த தம்பி. கூட்டத்துக்குத் தலைமை தாங்க எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரு பக்கம் முகத்தைத் திருப்பியது. கடைசியில், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கரைச்சல் அவள் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது.

அவள் சம்மதித்தது தேர்தலுக்காக அல்ல. தை மாதத்தில் மகள் தர்மிகாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை பிராங்பேர்ட்டில் வேலை செய்கிற பெடியன். மண்டபம் எடுத்தாயிற்று, ஐயரைப் பிடித்தாயிற்று. தாய்மாமன் மட்டும் இல்லை. ஒன்பது வருடமாகக் கதிர்காமநாதன் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இரண்டு ஆம்பிளைகளும் ஒரு காகிதத்தில் ஒன்றாகக் கையெழுத்து வைத்துவிட்டால், அதைச் சாட்டி வீட்டுக்கு அழைத்து, ஒரு தேத்தண்ணி கொடுத்து, மெதுவாகக் கலியாணக் கதையை எடுக்கலாம் என்பது அவளுடைய கணக்கு. நாடு ஒன்றுபட்டால் சந்தோசம். அவளுக்கு முதலில் வீடு.

“அக்கா, நேரம் போகுது. மண்டபம் பூட்டுற ஹவுஸ்மைஸ்ரர் ரெண்டு தரம் வந்து எட்டிப் பாத்திட்டுப் போறான்,” என்று முன்வரிசையிலிருந்து பேர்பெச்சுவா சொன்னாள். தேவாலயத்து மண்டபத்தை எடுத்துக் கொடுத்தவள் அவள். ஒன்றியத்தின் மண்டபத்துக்கு மன்றம் வராது, மன்றத்தின் மண்டபத்துக்கு ஒன்றியம் வராது. மாதாவின் மண்டபத்தில் ஒருவருக்கும் பங்கில்லை.

முருகேசன் முதலில் பேசினார். “நான் நீட்டி முழக்கேல்லை,” என்று தொடங்கி நீட்டி முழக்கினார். எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கியது, அங்கிருந்து ரயில் ஏறி மேற்குக்கு வந்தது, ஒரு ஊர் இரண்டாகக் கிடந்ததைக் கண்ணால் கண்டது. “நானும் இன்னொருத்தரும் வந்தனாங்கள்” என்றார். சுந்தரேஸ்வரி இந்தக் கதையைக் கலியாணமான நாள் முதல் கேட்டுவருகிறாள். முன்பெல்லாம் அந்த ‘இன்னொருத்தருக்கு’ப் பெயர் இருந்தது. அகதி முகாமில் ஒரே அறையில் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்ட சிநேகிதத்தில்தான், ‘என்ர அக்காவைக் கட்டு மச்சான்’ என்று அந்த இன்னொருத்தர் கேட்டிருந்தார். இப்போது அவர் வலப்புறம் முதல் வரிசையில் இருந்து மண்டபத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆள் ஆரெண்டு சொல்லுங்கோ, அண்ணை,” என்றாள் பேர்பெச்சுவா. “நீங்கள் இன்னும் ரயிலாலயே இறங்கேல்லை.”

இரண்டு பக்கமும் சிரித்தது. அன்று இரண்டு பக்கமும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

முருகேசன் ஆளைச் சொன்னார். தெற்கே காலிப் பக்கத்துச் சிங்கள டொக்டர் ஒருவர். சண்டைக் காலத்தில் வவுனியா ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர். தமிழ் பேசுவார். பிழை பிழையாக, ஆனால் கூச்சமில்லாமல். தெற்கில் போய் என்ன சொல்கிறாரோ அதையே வடக்கிலும் வந்து சொல்கிறார். “எங்கட ஆளெண்டு ஒருத்தரை நிப்பாட்டினால் எங்கட சனம் மட்டும்தான் போடும். ஒட்டவைக்கிறதெண்டால் ரெண்டு பக்கமும் ஒட்டுற ஆளாய் இருக்கவேணும்,” என்றார். ஒன்றியம் கைதட்டியது.

இனித் தம்பி எழும்பி அந்த டொக்டரைக் கிழிகிழி என்று கிழிப்பான் என்றுதான் சுந்தரேஸ்வரி நினைத்தாள்.

கதிர்காமநாதன் மைக்குக்கு வந்தான். கண்ணாடியைத் துடைத்தான். “பேர் சொல்ல விரும்பேல்லை, ஒருத்தர் இப்ப சொன்ன அந்த டொக்டரைத்தான்,” என்று நிறுத்தினான். “அந்த டொக்டரைத்தான் மன்றமும் போன மாசமே தீர்மானிச்சது. எங்கட நிருவாகக் கூட்டத்தில ஏகமனதாய்.”

சுந்தரேஸ்வரி தன் காதை நம்பவில்லை. சண்டையே இல்லை. ஒரே ஆள். “அப்ப முடிஞ்சுது!” என்று அவள் மைக்கை மறந்து கத்தினாள். பின்வரிசைப் பெண்கள் வடைப் பெட்டியைத் திறக்கத் தொடங்கினார்கள்.

“முடியேல்லை,” என்றார் முருகேசன். “தீர்மானமாய் எடுக்கவேணும். நான் முன்மொழியிறன். மன்றம் வழிமொழியட்டும்.”

கதிர்காமநாதன் ஏற்கெனவே போய்த் தன் கதிரையில் இருந்துவிட்டான். “போன மாசம் தீர்மானிச்சது நாங்கள். நாங்கள் முன்மொழியிறம். ஒன்றியம் வழிமொழியட்டும்.”

“முதல் எழும்பிச் சொன்னது ஆர்?”

“முதல் தீர்மானிச்சது ஆர்?”

அறிக்கையில் முன்மொழிந்த சங்கத்தின் பெயர் முதலில் வரும். வழிமொழிந்த சங்கத்தின் பெயர் அதற்குக் கீழே. பத்திரிகைக்காரன் இடம் போதாவிட்டால் கீழே இருப்பதைத்தான் வெட்டுவான். இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சுந்தரேஸ்வரி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே ஒரே அறையில் இரண்டு ஜெர்மன் கிழவிகள், ஒருத்திக்கு யன்னல் திறக்கவேண்டும், மற்றவளுக்குப் பூட்டவேண்டும். அவள் பாதி திறந்துவிட்டு வருவாள். இரண்டு பேரும் அவளைத் திட்டுவார்கள், பிறகு நித்திரையாகிவிடுவார்கள். இங்கே பாதி திறக்க எதுவும் அகப்படவில்லை.

“ரெண்டு பேரும் ஒண்டாய் எழும்பிச் சொல்லுங்கோவன்,” என்றாள்.

“ஒண்டாய் முன்மொழிஞ்சால் வழிமொழியிறது ஆர்?” என்றார் முருகேசன்.

“அப்ப நானே முன்மொழியிறன். நீங்கள் ரெண்டு பேரும் வழிமொழியுங்கோ.”

“தலைமை வகிக்கிறவை முன்மொழிய ஏலாது, அக்கா,” என்றான் கதிர்காமநாதன். “சங்க யாப்பில விதி இருக்கு.”

“எந்த யாப்பில?”

“ரெண்டு யாப்பிலயும் இருக்கு,” என்றார் முருகேசன்.

இதிலாவது இரண்டு பேரும் ஒத்துப்போனார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் தலைமையை விட்டிட்டு இறங்கிறன். இறங்கி முன்மொழியிறன்.”

“அப்ப தலைமைக்கு வேற ஆளைத் தெரிவுசெய்யவேணும்,” என்று இடப்பக்கத்தில் ஒரு குரல் வந்தது.

“அதுக்கு ஒருத்தர் முன்மொழியவேணும்,” என்றாள் பேர்பெச்சுவா.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. சுந்தரேஸ்வரி மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள். “எங்கையோ காலியில இருக்கிற அந்த மனிசன் சிங்களவனையும் தமிழனையும் சோனகனையும் ஒண்டாக்கவேணுமாம். அவர் இண்டைக்கு இந்த மண்டபத்துக்கு வந்தால் வெட்கத்தில வேட்புமனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போயிடுவார். ஒரே ஆளைச் சொல்லுறியள். ஒரே காரணத்தைச் சொல்லுறியள். பிறகென்ன உங்களுக்கு?”

கதிர்காமநாதன் கைபேசியை எடுத்துப் பார்த்தான். முருகேசன் மேற்சட்டையின் பொத்தானைப் பூட்டினார். அந்தப் பொத்தான் பூட்டுதலை அவளுக்குத் தெரியும். கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். தம்பி வெளியே போய்க் காரில் ஏறினால் இனி அவனை எந்த மண்டபத்தில் பிடிப்பது? அவள் யோசிக்கவில்லை.

“தம்பி,” என்றாள் மைக்கில். “தை மாசம் தர்மிகாவுக்குக் கலியாணம். நீ வரவேணும். பிறேமாவையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வா. அவளை மணவறைக்கு நீதான் கூட்டிக்கொண்டு வரவேணும்.”

வடைப் பெட்டியைத் திறந்த பெண் அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று சுந்தரேஸ்வரிக்கு உறைத்தது. கூடப்பிறந்தவனுக்குக் கலியாணத்துக்குச் சொல்லுவதென்றால் புருசனும் பெண்சாதியுமாக வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும். வேலைத்தலத்துச் சிநேகிதருக்குத்தான் கண்ட இடத்தில் சொல்லுவது.

“அக்கா, கலியாணத்துக்கு மைக்கிலயோ சொல்லுறது?” என்றான் கதிர்காமநாதன். முகம் சிவந்திருந்தது. “மீன் விக்கிற மாதிரி.”

“தம்பி, மீன் விக்கிறவையை இதுக்க இழுக்காதையும்,” என்றாள் பேர்பெச்சுவா. “என்ர அப்பா பாசையூரில மீன் வித்தவர். என்ர கலியாணத்துக்கு வீடு வீடாய்ப் போய்த்தான் சொன்னவர்.”

“அதைத்தான் நானும் சொல்லுறன். வீட்டை வரட்டும். ரெண்டு பேரும் வரட்டும். அதுதானே முறை?”

“முறையோ?” முருகேசன் பாதையின் விளிம்புக்கு வந்தார். “என்ர அம்மா செத்ததுக்கு இவர் வீட்டை வந்தவரோ, கேளுங்கோ.”

“எனக்கு ஆர் சொன்னது?” கதிர்காமநாதனும் எழும்பினான். “அந்த மனிசியின்ர கையால எத்தினை நாள் நான் சாப்பிட்டிருப்பன்? வாட்ஸப்பில ஆரோ போட்ட படத்தைப் பாத்துத்தான் செத்ததே தெரியும். உங்கட வீட்டில இருந்து ஒரு டெலிபோன் கோல் வந்ததோ?”

முருகேசன் சுந்தரேஸ்வரியைப் பார்த்தார். அவருடைய அம்மா செத்த அன்று கதிர்காமநாதனுக்கு டெலிபோன் எடுப்போமா என்று சுந்தரேஸ்வரி கேட்டிருந்தாள். ‘கேள்விப்பட்டால் வருவான்தானே’ என்று அவர் சொல்லியிருந்தார். அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

ஹவுஸ்மைஸ்ரர் மின்விளக்குகளை ஒரு பக்கத்திலிருந்து அணைக்கத் தொடங்கினான். எந்தப் பக்கத்தை முதலில் அணைத்தான் என்று சொல்லி அதற்கும் ஒருவர் முணுமுணுத்தார். வடைகளைப் பேர்பெச்சுவா பாதி பாதியாகப் பிரித்து இரண்டு பையில் கட்டினாள்.

காரில் வரும்போது முருகேசன் சொன்னார்: “நீர் எல்லாற்றை முன்னாலயும் கெஞ்சிப்போட்டீர்.”

“ஓம்,” என்றாள் சுந்தரேஸ்வரி. “ஒரு பக்கமாவது கெஞ்சவேணும்தானே. உங்களுக்கு ஏலாது. அவனுக்கும் ஏலாது. நாளைக்குப் பின்னேரம் நான் அவன்ர வீட்டை போறன். நீங்கள் வந்தால் வாங்கோ, வராட்டில் நான் ரயிலில போறன்.”

அவர் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார். பச்சை வந்த பிறகும் ஒரு கணம் நின்றார். பின்னால் இருந்தவன் ஹோன் அடித்தான்.

மறுநாள் திங்கட்கிழமை. சுந்தரேஸ்வரி காலை வேலைக்குப் போய் இரண்டரைக்கு முடித்தாள். தமிழ்க் கடையில் வெற்றிலையும் பாக்கும் வாழைப்பழமும் வாங்கித் தட்டத்தில் வைத்தாள், கலியாணக் கார்டை மேலே வைத்தாள். முருகேசன் காரை எடுத்தார். கதிர்காமநாதனின் வீட்டுக்கு முன்னால் நிறுத்தி, பார்க்கிங் இல்லை, நீர் போம், நான் இதில நிக்கிறன் என்றார். வீடு மூன்றாம் மாடி. பிறேமா கதவைத் திறந்து, வாங்கோ மச்சாள் என்றாள். கதிர்காமநாதன் யன்னலால் கீழே பார்த்து, அத்தான் வரேல்லையோ என்று கேட்டான். பார்க்கிங் இல்லையாம் என்றாள். பின்பக்கம் இடம் இருக்கே என்றான். அவள் தட்டத்தை மேசையில் வைத்து, முறைப்படி சொன்னாள். அவன் தட்டத்தை எடுக்கவில்லை. திருப்பிக் கொண்டுபோகச் சொல்லவும் இல்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கார்டை மட்டும் பிறேமா எடுத்து வாசித்தாள்.

மாலையில் இரண்டு சங்கங்களும் தனித்தனியாக அறிக்கை விட்டன. இரண்டிலும் அதே டொக்டர். சாவகச்சேரியிலிருந்து பெறாமகள் டெலிபோன் எடுத்து, சித்தி, ஆருக்குப் போடுறது என்று கேட்டாள். உங்களுக்குப் பிடிச்ச ஆளுக்குப் போடுங்கோ என்று சுந்தரேஸ்வரி சொன்னாள். இரவு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முருகேசன் கேட்டார்:

“என்ன சொன்னவன்?”

“ஒண்டும் சொல்லேல்லை.”

“தேத்தண்ணி தந்தவையோ?”

“ஓம்.”

அவர் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.