அண்ணன் பார்க்காத கடைசி அரை மணி நேரம்: தஞ்சாவூர் – கீழ்வேளூர்

புரட்டாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்பானிஷ் படம் பார்க்கத் தஞ்சாவூர் போனேன். சிரிக்காதீர்கள். பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு, திருவையாற்றுக்குச் சங்கீதம் கேட்கப் போகிறவர்கள் உண்டு. திரையில் இருப்பவர்கள் ஸ்பானிஷில் பேசி, கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடினால், நான் தமிழில் குறட்டை விடுகிறவன். ஆனாலும் போனேன். காரணம் என் நடு அண்ணன் கலியமூர்த்தி. இன்னொரு காரணமும் உண்டு. அது கொஞ்சம் அசிங்கமானது. போகிற வழியில் சொல்கிறேன்.

எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது தஞ்சாவூர். கீழ் பெர்த் கேட்டு மேல் பெர்த் கிடைத்தது. ஐம்பத்து நாலு வயதில், இந்த வயிற்றோடு மேல் பெர்த்தில் ஏறுவதை எதிர் சீட்டுக் குழந்தை கைதட்டி ரசித்தது. ரயிலடிக்குப் பக்கத்தில் அறுபது ரூபாய்க்குப் பொங்கலும் வடையும் சாப்பிட்டேன். பொங்கல் பரவாயில்லை. சாம்பார் நேற்றையது, அதன் மனம் புண்படக்கூடாது என்று குடித்துவிட்டேன்.

இப்போது அந்த அசிங்கமான காரணம். எங்கள் நிலம் கீழ்வேளூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருக்கிறது. கழகங்கள் மாறி மாறி ஆட்சிக்கு வந்தன. அப்பா இரண்டையும் பாரபட்சமில்லாமல் திட்டினார். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து நிலத்தை எங்கள் மூன்று பேர் பெயருக்கும் சேர்த்து எழுதினார். அரை டிராயரோடு மிராசுதார் ஆனவன் நான். அடுத்த பயம் குத்தகை. குத்தகைக்கு விட்டால் சாகுபடி செய்கிறவர் பெயரைப் பதிந்துகொள்வார், அப்புறம் அவரை நிலத்திலிருந்து கிளப்ப முடியாது. அதனால் எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு வழக்கம் வந்தது: ஒரு பிள்ளையை ஊரிலேயே நிறுத்திவைப்பார்கள். சொந்தச் சாகுபடிதான் என்று ஊருக்கும் அதிகாரிக்கும் காட்ட அவன் வரப்பில் நிற்க வேண்டும். வயலில் நிற்கும் வைக்கோல் பொம்மைக்கும் அவனுக்கும் ஒரே வித்தியாசம், இவனுக்கு வேட்டியைத் துவைத்துக் கொடுப்பார்கள்.

பெரியண்ணன் சபாபதி இன்ஜினியர், அமெரிக்கா போகிறவர்; அவரை நிறுத்த முடியாது. நான் மூன்றாம் வகுப்பு. கலியமூர்த்தி மெட்ராஸில் சினிமா கேமரா படித்துக்கொண்டிருந்தார். “அது என்ன படிப்பு, அவனைக் கூப்பிடு. ஒரு போகம் நிக்கட்டும்” என்றார் அப்பா. ஒரு போகத்துக்கு வந்தவருக்கு இப்போது அறுபத்தாறு வயது. கல்யாணமும் தள்ளிப்போய்ப் போய் நின்றுவிட்டது.

போன மாதம் அவரே எங்கள் இருவருக்கும் போன் செய்தார். நிலத்தைக் கொடுத்துவிடலாம், வாங்க ஆள் இருக்கிறது, தஞ்சாவூரில் ஒரு ரூம் பார்த்துவிட்டேன், அங்கே ஃபிலிம் சொசைட்டியில் ஞாயிறுதோறும் பசங்களுக்குக் கேமரா சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்றார். மூன்று பேர் கையெழுத்து வேண்டும். பெரியண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நாலு வழிச் சாலை வரப்போகுது. விலை ஏறும். ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லு. நீ பேசினா கேப்பான்” என்றார். என் ரயில் டிக்கெட்டுக்குப் பணமும் அனுப்பிவைத்தார். ஆக, நான் படம் பார்க்கப் போகவில்லை. பொம்மையை மறுபடி நட்டுவைக்கப் போனேன்.

மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஒரு மாடி ஹாலில் பத்து மணிக்குப் படம். அனுமதி இலவசம், மின்விசிறிக் காற்றும் அந்த விலைக்குத் தகுந்த மாதிரிதான். கலியமூர்த்தி அண்ணன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். காலடியில் புத்தம்புதிய நீலப் பை, சக்கரம் வைத்தது, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

“என்னண்ணே, பையெல்லாம்?”

“ரூமுக்கு வேணும்ல. ரயிலடிகிட்ட வாங்குனேன். ஜிப்பைப் பாரு, வெண்ணெ மாதிரி ஓடுது” என்று இரண்டு தடவை ஓட்டிக் காட்டினார். நான் சாலை, விலை என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். விளக்கை அணைத்துவிட்டார்கள்.

படத்தில் ஒரு ஆலிவ் தோட்டம். மூன்று பிள்ளைகள். நடுவிலவள் பியானோ வாசிக்கப் பட்டணம் போக நினைக்கிறாள். படுத்த படுக்கையான அப்பாவும் தோட்டமும் அவளை விடுவதில்லை. அண்ணனும் தம்பியும் பண்டிகைக்குக் காரில் வருவார்கள், சாப்பிடுவார்கள், எண்ணெயைப் புகழ்வார்கள், டின் டின்னாக எடுத்துக்கொண்டு போவார்கள். நான் தூங்கவில்லை. தூங்கியிருக்கலாம்.

“அந்தத் தம்பி சாப்புட்டுக்கிட்டே இருக்கான் பாரு” என்றார் அண்ணன் காதோரம். “நல்லா நடிக்கிறான்.”

அப்பா செத்துப்போகிறார். அவள் பெட்டி அடுக்குகிறாள். அந்த இடத்தில் அண்ணனின் போன் அதிர்ந்தது. முறைத் தண்ணீர் ஒரு நாள் முன்னதாகவே வாய்க்காலில் வந்துவிட்டதாம். மடை திறக்க ஆள் நிற்காவிட்டால் கடைமடைக்கு வருவது மேலேயே நின்றுவிடும். அடுத்த முறைக்குள் நட்ட பயிர் வாடிவிடும்.

“நான் பஸ்ஸப் புடிக்கிறேன். நீ முழுசாப் பாத்துட்டு வா. முடிவு என்னன்னு சொல்லணும், என்ன?” என்று பையை இழுத்துக்கொண்டு இருட்டில் போய்விட்டார். பக்கத்து சீட்டுக்காரர் என்னிடம், “சார் எப்பவுமே இப்படித்தாங்க. ஒரு படமும் முழுசாப் பாத்ததில்ல. பஸ்ஸுன்னுவார், தண்ணின்னுவார். அடுத்த வாரம் வந்து எங்ககிட்ட முடிவு கேப்பார்” என்றார்.

நான் முடிவைப் பார்த்தேன். கிளம்புகிற காலையில் தம்பிக்காரன் எண்ணெய்ப் புட்டிகள் உடையாமல் கொண்டுபோக ஏதாவது கேட்கிறான். அவள் தன் பெட்டியைக் கொட்டிவிட்டு, அதில் புட்டிகளை அடுக்கிக் கொடுக்கிறாள். கார் போகிறது. அவள் கேட்டைச் சாத்துகிறாள். அவ்வளவுதான்.

கீழே இறங்கிக் கீழ்வேளூருக்கு டாக்ஸி பிடித்தேன். திருவாரூர் வழியாக எழுபது கிலோமீட்டர், இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். டிரைவர், “என்ன படம் சார்?” என்றார். ஒரு குடும்பப் படம் என்றேன். “சண்டை உண்டா?” இல்லை என்றேன். “அப்ப என்ன குடும்பம் சார்” என்றார். ஞானி.

அண்ணன் முழங்கால் சேற்றில் மண்வெட்டியோடு நின்றார். வரப்பில் ஒரு ஸ்கூட்டி. பக்கத்தில் கலைச்செல்வி, ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை. அவருடைய அப்பா எங்கள் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். நிலத்தை வாங்க இருக்கும் ஆள் இவர்தான். பெரியண்ணன் போனில் சாலையைப் பற்றி நிறையப் பேசினார். இதைப் பற்றி, “கண்டவங்களுக்கும் ஏன்டா” என்று ஒரே வரி.

கலைச்செல்வி என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். “வாங்க சார். ரோடு இந்த வருஷமும் வருதாங்களா?”

“வருதாம்...”

“நான் பி.எட். படிக்கும்போதிருந்தே வருதுங்க” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

அண்ணன் மண்வெட்டியை ஊன்றினார். “பெரியவன் சொல்லி அனுப்புனானா?”

“ஒரு வருஷம்தாண்ணே.”

“ம்.” கொஞ்ச நேரம் மடையில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தார். “சரி. அந்தப் பொண்ணு என்ன ஆனா?”

நான் வாய்க்காலைப் பார்த்தேன். “போயிட்டாண்ணே. பெட்டியத் தூக்கிக்கிட்டு ரயிலேறிட்டா. கடைசில பியானோ சத்தம் கேக்குது.”

அவர் முகம் அப்படி மலர்ந்தது. “போயிட்டாளா! நல்லவேளை. நான் பயந்துக்கிட்டே வந்தேன்டா.”

கிளம்பும்போது வழக்கம்போல அரிசி. வருஷா வருஷம் எனக்கு ஒரு மூட்டை உண்டு. வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அண்ணன் உள்ளே போய்ச் சாக்கை எடுத்துப் பார்த்தார், எலி கடித்திருந்தது. நீலப் பையோடு வெளியே வந்தார்.

“இதுல போட்டுத் தரேன். எனக்கு இப்ப வேணாம்ல” என்று அரிசியைக் கொட்டி, ஜிப்பை இழுத்தார். வெண்ணெய் மாதிரிதான் ஓடியது. பையை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் போட்டார்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஐப்பசியில் போகாதீர்கள், மழை. மேல் பெர்த் வேண்டாம். டாக்ஸிக்கு முன்கூட்டியே பேரம் பேசுங்கள். ஃபிலிம் சொசைட்டிப் படங்களுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். கதவுப் பக்கத்து ஓரச் சீட்டை மட்டும் விட்டுவிடுங்கள், அதற்கு ஆள் இருக்கிறது. முடிவு கேட்டால் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று. அரிசி தீர்ந்துவிட்டது, நல்ல அரிசி. பை பரண் மேல் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு நேரம் அமையவில்லை, அமையாது என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கீழ்வேளூர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது எடுத்துக்கொண்டு போக முடியுமா? காலிப் பைதான். கனம் இருக்காது.