சத்தம் போடும் பேட்

"இந்த பிரேக் பேட் சத்தமே போடாதுங்கம்மா. பழைய கார் கண்காட்சியில நிறுத்தறதுக்கு இது போதுமுங்க" என்றார் காந்திபுரம் மெக்கானிக்.

நிறுத்தி வைப்பதற்காகவா எங்கள் பழைய அம்பாசடருக்கு டிஸ்க் பிரேக் மாற்றினேன்? மலைக்கு ஓட்டிப் போகத்தான். சூடு தாங்கும் பேட் இன்னொன்றும் இருந்தது. ஆனால் அது கிறீச்சிடுமாம்.

அந்நேரம் ஊட்டியிலிருந்து இறங்கிய வேன் ஒன்று பட்டறைக்குள் வந்தது. கருகிய பிரேக் நாற்றம். எனக்கு மறுபடி ஒன்பது வயது.

கோத்தகிரியில் கல்யாணம் முடிந்து இதே காரில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஓட்டியவர் அம்மாவின் அண்ணன். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தார். இந்த நாற்றம்தான் முதலில் வந்தது. பிறகு பிரேக் பிடிக்கவில்லை. ஓரச்சுவரில் உரசித்தான் வண்டி நின்றது.

பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா இறங்கினாள். "சாவியக் குடுங்கண்ணா. சக்கரம் ஆறுனதும் நான் ஓட்டறனுங்க."

"பொம்பளைய நம்பி மலையில வண்டியில உக்காரச் சொல்றியா, அம்மணி?"

"நம்பாட்டி பஸ்ஸுல வாங்கண்ணா" என்றாள், மரியாதை குறையாமல்.

மாமா பஸ்ஸில்தான் வந்தார். அம்மா பிரேக்கை அதிகம் மிதிக்காமல், என்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இரண்டாம் கியரிலேயே இறக்கினாள். மேட்டுப்பாளையம் வரை என்ஜின் கத்திக்கொண்டே வந்தது.

"எதுக்கும் ஊட்ல ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்களா?" என்றார் மெக்கானிக்.

"மலை எறங்கப்போறது நானுங்க. சத்தம் போடறதையே மாட்டுங்க. ஐயாவுக்குப் பயமா இருந்தா பஸ் இருக்குது."