ஓர்ப்படியைக் கேட்காமல் வாங்கிய வீடு

என் ஓர்ப்படிக்கு, அதாவது கொழுந்தன் பெண்டாட்டிக்கு, என் மேல் ஒரு நாளும் பொறாமை இருந்ததில்லை. எனக்குத்தான் அவள் மேல். இப்போது சொல்ல வெட்கமில்லை. அப்போது கழுத்தை நெரித்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

கோயிலில் தாலி கட்டிய கையோடு, மறுவாரமே கொழுந்தனை எத்தா சிவில் என்கிற சர்க்கார் பதிவு ஆபீசுக்கு இழுத்துப்போய்க் கல்யாணத்தைப் பதிந்துகொண்டவள் அவள். "முருகன் சாட்சி போதாதாம், குமாஸ்தா சாட்சி வேணுமாம்!" என்று நான் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன். எங்களில் பாதிப் பேர் அந்த ஆபீசை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சாமி முன்னால் மூன்று முடிச்சுப் போட்டால் போதும் என்றிருந்தோம்.

பிறகு அவர்கள் சிமெண்டு வீடு வாங்கினார்கள். பத்திரத்தில் அவள் பெயரும் இருந்தது. விரல் வைத்து எனக்குக் காட்டினாள். நான் காற்றுக்கு ஆடும் தகரக் கூரைக்குத் திரும்பி வந்து, அன்றைக்குச் சோற்றைக் குழைத்துவிட்டேன்.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம் எங்களுக்கும் ஒரு வீடு அமைந்தது. தேர் ரூஜ் ஊரில் ஒரு குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறப் போகிறது. ஒரு மாதத்துக்குள் விற்றாக வேண்டும். பட்டணத்தில் பத்திரம் எழுதும் நோத்தேரிடம் என்னையும் கூட்டிப்போனார் என் வீட்டுக்காரர். வழியெல்லாம் என் நினைப்பு ஒன்றுதான்: நானும் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

நோத்தேர் கல்யாணக் காகிதம் கேட்டார். நான் தாலியை வெளியே எடுத்துக் காட்டினேன்! மனுஷர் சிரிக்கவில்லை. கோயில் கல்யாணம் சட்டத்தில் சேராது என்றார். இப்படியே எழுதினால் என் வீட்டுக்காரர் கல்யாணமாகாதவர், வீடு அவர் ஒருவருக்கே. முதலில் பதிந்துகொண்டு வந்தால் இருவருக்கும். பதினாறு வருஷக் குடித்தனம், மூன்று பிள்ளைகள்; அந்த மேசைக்கு முன்னால் நான் யாரோ.

பதிய வேண்டுமானால் என் பிறப்புக் காகிதம் வேண்டும். பிறகு அறிவிப்பை ஆபீஸ் பலகையில் சில நாள் ஒட்ட வேண்டும். நான் பிறந்தது கான் தெ மாஸ்க் கிராமத்தில். எந்த வருஷம் என்று என் அம்மாவுக்கே நிச்சயமில்லை. அந்தப் பக்கத்து எத்தா சிவில் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தது வேறு யாருமில்லை, என் ஓர்ப்படியின் அண்ணன்.

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். அண்ணங்காரர் ஒரே நாள்ல தேடிக் குடுத்துடுவார்" என்றார் வீட்டுக்காரர்.

"அவ கால்ல போய் விழணுமா நான்? சிரிப்பா! எனக்குக் கை கால் இல்லையா?"

அன்று அவளைப் பார்த்துச் சிரித்தது நான்தான்; இன்று அவள் சிரிப்பாள் என்று எனக்குப் பயம்.

மூன்று வாரம் பஸ் ஏறினேன். குமாஸ்தாவுக்கு முன்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யார் வீட்டு மருமகள் என்று மட்டும் சொல்லாமல் நின்றேன். முறைப்படி எழுதிக் கொடுங்கள், வரிசைப்படி தேடுவோம் என்றார். ஒவ்வொரு வருஷப் புத்தகமாகப் புரட்டிக் காகிதம் கையில் வந்தபோது, கப்பலுக்கு மிஞ்சியது நாலே நாள். அறிவிப்பு ஒட்டக்கூட நேரமில்லை. வீடு கைநழுவிவிடும் என்று என் வீட்டுக்காரர் தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. அவர் மேல் என்ன தப்பு?

பால் காய்ச்சிய அன்று ஓர்ப்படி பூசணிக்காயும் குத்துவிளக்கும் கொண்டுவந்தாள். பத்திரத்தில் என் பெயர் விழாத விஷயம் அதற்குள் அவள் காதுக்கு எட்டியிருந்தது. சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"என்னக்கா இது? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அன்னிக்கே அண்ணனைக் கூட்டிட்டு ஓடி வந்திருப்பேனே!"

அவள் வந்திருப்பாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.