நான்காவது ஊஃபர்

என் தாய்மாமா எதையும் காதில் போட்டுக்கொள்ளாத ஆள் என்று எங்கள் வீட்டில் பெயர் வாங்கியிருந்தார். கட்டடங்களில் மெஷினால் சுவரைக் குடைந்து வயரிங் செய்வது அவர் வேலை. அவருக்குப் பெண் தேடத் தொடங்கியதும் பழைய கார் ஒன்று வாங்கினார். மாப்பிள்ளைக்குக் கார் இருந்தால் கௌரவமாம். ஆனால் அவருடைய பாசமெல்லாம் டிக்கியின் மேல்தான். முதலில் அங்கே தம் தம்மென்று அதிரும் ஊஃபர் ஸ்பீக்கர் ஒன்று வைத்தார். அடி பத்தவில்லை என்று இரண்டு, பிறகு மூன்று.

நான்காவதை வாங்க மைசூர் மண்டி மொஹல்லாவில் இருந்த ஒரு கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். ஒரே ஆம்ப்ளிஃபையரில் நான்கையும் சேர்த்துக் கோத்தால் அது சூடேறி நின்றுவிடும் என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “பேடாண்ணா, வேணாம். லோடு தாங்காது.” மாமா சிரித்தார். வீட்டில் பத்து பல்பு மாட்டினால் ஒன்றால் இன்னொன்று கெடுகிறதா என்ன? அந்தக் கணக்கிலேயே பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று முறுக்கிவிட்டார். பாட்டுப் போட்டதும் என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. எனக்குப் பரம சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை சாமராஜநகருக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டோம். பூவும் பழமும் உள்ள தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மா முன்னால். புதுப் பாவாடையில் நான் பின்னால். நஞ்சன்கூடு தாண்டியதும் டிக்கியிலிருந்து கருகல் வாடை வந்தது. ஆம்ப்ளிஃபையர் அணைந்து, நான்கு ஊஃபரும் ஊமையாயின. கதவு ஸ்பீக்கர்களுக்கு அதோடு சம்பந்தமில்லை. அவற்றில் பாட்டு கணீரென்று ஓடிக்கொண்டிருந்தது. நானும் கூடவே பாடிக்கொண்டிருந்தேன்.

மாமா வண்டியை ஓரங்கட்டினார். “ச்சே, பாட்டு நின்னு போச்சேக்கா!”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா தமாஷ் செய்கிறார் என்று நினைத்தேன். அம்மா சிரிக்கவில்லை. “ஓடிட்டுதாண்டா இருக்கு” என்றாள். “என்னக்கா?” என்று அவர் அவள் வாயைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் என் வாயைப் பார்த்தார். கதவு ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவே இல்லை.

இருவரும் இறங்கிப் போய் ரோட்டோரம் நின்றார்கள். அம்மா அவர் முகத்துக்கு நேராக நின்று, “இவ்ளோ தூரம் வந்துட்டோம். போய்ப் பாத்துட்டு வந்துடலாண்டா. அங்க யாருக்குத் தெரியப்போகுது?” என்று கெஞ்சினாள்.

“அந்தப் பொண்ணு மெதுவா ஒண்ணு கேட்டா நான் என்னக்கா சொல்வேன்?”

காரை மைசூருக்கே திருப்பினார். அம்மா வழியெல்லாம் அழுதாள். புது ஆம்ப்ளிஃபையர் போன துக்கம் என்று நினைத்தேன். எனக்கும் துக்கம்தான், பெண் வீட்டுக் கேசரிபாத் போயிற்றே என்று. அந்தக் குடைகிற மெஷின் வருஷக்கணக்காக அவர் காதைத் தின்றிருந்தது என்பதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது.

வீட்டு வாசலில் டிக்கியைத் திறந்து, மாமா வயர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, “விடுங்க மாமா, வேற வாங்கிக்கலாம்” என்றேன். அவர் திரும்பவில்லை. மறுபடியும் சொன்னேன். அப்போதும் திரும்பவில்லை. நான் சிரித்ததற்குக் கோபம் போலிருக்கிறது என்று நினைத்து, உள்ளே போய்விட்டேன்.